எத்தனை வாட் எஸ்.எம்.பி.எஸ். வாங்குவது? – கணினி கேள்வி பதில்

கல்லூரிச் சேர்க்கை முடிந்து புதுக் கணினி வாங்கும் காலம் என்பதால், மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எஸ்.எம்.பி.எஸ். பற்றியவையாகவே (சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கணினியின் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) இருந்தன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, வேறுபட்டவற்றைத் தேர்ந்து இங்கே பதில் அளித்திருக்கிறோம். "எந்தக் கம்பெனி நல்லது, பெயரை மட்டும் சொல்லுங்கள்" என்று எழுதியவர்கள் முதல் பதிலைச் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

மகன் பொறியியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறான். ஐ5-12400எஃப் பிராசசர், ஆர்.டி.எக்ஸ். 4060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜி.பி. ராம், ஒரு எஸ்.எஸ்.டி. என்று கடையில் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். கேபினட்டுடன் 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். இலவசமாக வருகிறது, தனியாக வாங்கத் தேவையில்லை என்கிறார் கடைக்காரர். மகனோ 750 வாட் வேண்டும் என்கிறான். யார் சொல்வது சரி?
– ஒரு தந்தை, திருப்பரங்குன்றம்

இருவர் சொல்வதும் சரியில்லை. ஆனால் மகன் பேச்சைக் கேட்டால் கொஞ்சம் பணம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். கடைக்காரர் பேச்சைக் கேட்டால் கிராபிக்ஸ் கார்டையும் மதர்போர்டையும் சேர்த்து இழக்க நேரலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் குறிப்பிட்ட பிராசசர் முழு வேகத்தில் ஓடும்போது அதிகபட்சம் 117 வாட் எடுக்கும் என்று இன்டெல் நிறுவனமே அறிவித்திருக்கிறது. பெட்டியின்மேல் அச்சிடப்படும் 65 வாட் என்பது அதன் அடிப்படை அளவு மட்டுமே. ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கு 115 வாட். மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., மின்விசிறிகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 60 வாட் வைத்துக்கொண்டாலும் மொத்தம் 300 வாட்டைத் தாண்டவில்லை. மானிட்டருக்குத் தனி மின்கம்பி இருப்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

அப்படியானால் 500 வாட் போதுமே என்று தோன்றும். கிராபிக்ஸ் கார்டைத் தயாரிக்கும் என்விடியா நிறுவனம் இந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். பரிந்துரைக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. கிணற்று மோட்டாரைப் போட்டவுடன் ஆம்ப் மீட்டரின் முள் ஒரு நொடி எகிறி, பிறகு இறங்கி நிற்பதைப் போல, இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் சராசரியைவிட மிக அதிகமான மின்சாரத்தை மிகக் குறுகிய நேரத்துக்கு இழுக்கின்றன. இதை உத்தேசித்தே 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த, கணினி எஸ்.எம்.பி.எஸ்.களுக்கான ஏ.டி.எக்ஸ். 3.0 தரவரையறை, 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்.எம்.பி.எஸ். தன் திறனைப் போல் இரு மடங்குச் சுமையை 100 மைக்ரோ நொடி வரை அணையாமல் தாங்க வேண்டும் என்று விதித்தது. இதைத் தவிர, பாதித் திறனில் ஓடும் எஸ்.எம்.பி.எஸ். அதிகம் சூடாகாது, சத்தம் குறைவு, ஆயுளும் கூடும். உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் (கெபாசிட்டர்கள்) ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழக்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி கேபினட்டுடன் வரும் இலவச எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்கு வருவோம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதில் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று தனித்தனியாக எத்தனை ஆம்பியர் என எழுதியிருக்கும். பழைய கணினிகளில் பிராசசர் 5 வோல்ட்டிலிருந்து மின்சாரம் எடுத்த காலம் ஒன்று இருந்தது. இன்று பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டும் 12 வோல்ட்டையே நம்பியிருக்கின்றன. மற்ற இரண்டுக்கும் சொற்ப வேலைதான். ஆகவே பெட்டியின் முன்புறம் பெரிய எழுத்தில் உள்ள எண்ணைப் பார்க்காமல், 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். நல்ல 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அங்கே 45 ஆம்பியர் அளவில் இருக்கும். அதாவது 540 வாட். கேபினட்டுடன் வரும் மலிவான பெட்டிகளில் 16 அல்லது 18 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். மீதியை 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் கூட்டிக் கணக்குக் காட்டி 500 ஆக்கியிருப்பார்கள். அந்த அட்டவணையே இல்லாத பெட்டி என்றால், அதைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டாம்.

இணைப்பான்களையும் பார்க்க வேண்டும். மதர்போர்டின் ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு 75 வாட்தான் கிடைக்கும். மேலே தேவைப்படுவதைத் தனி வயர் மூலம் கொடுக்க வேண்டும். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஓர் 8 பின் இணைப்பு தேவைப்படும். அது 150 வாட் வரை தரும். இலவசப் பெட்டியில் இந்த இணைப்பு இல்லாமல் போனால், ஹார்டு டிஸ்குக்கான இரண்டு வயர்களைச் சேர்த்து ஒரு கன்வெர்ட்டர் போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த மெல்லிய வயர்கள் அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டவை அல்ல.

கம்பெனிப் பெயரைக் கேட்ட வாசகர்களுக்கு: கோர்சேர், சீசானிக், கூலர் மாஸ்டர், டீப்கூல், ஆன்டெக், எம்.எஸ்.ஐ. என்று பல பெயர்கள் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் ஒரே கம்பெனி மிகக் குறைந்த விலைக்கு ஒரு வரிசையும், உயர்தரத்தில் ஒரு வரிசையும் விற்கிறது. பெயரைவிட உத்தரவாதக் காலம் அதிகம் சொல்லும். தன் பொருளின் மீது நம்பிக்கையுள்ள தயாரிப்பாளர் 5, 7 அல்லது 10 ஆண்டு உத்தரவாதம் தருகிறார். நம்பிக்கை குறைந்த வரிசைக்கு 2 அல்லது 3 ஆண்டுதான். அந்த உத்தரவாதத்தை மதுரையிலேயே பெற முடியுமா, சென்னைக்குக் கூரியரில் அனுப்ப வேண்டுமா என்பதையும் பில் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

இன்னும் ஒன்று, நம் பகுதிக்கு முக்கியமானது. ஸ்டிக்கரில் உள்ளீட்டு மின்னழுத்தம் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா, 200–240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல கம்பெனிகளும் இரண்டாவது வகையைச் சற்று விலை குறைத்து விற்கின்றன. வீட்டில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்குமானால் முதல் வகையே உங்களுக்கு ஏற்றது.

ஆக, 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கல முத்திரை; அடுத்த பதிலில் விளக்கியிருக்கிறோம்) அல்லது அதற்கு மேற்பட்ட தரம், 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், 100–240 வோல்ட் உள்ளீடு, 5 ஆண்டு உத்தரவாதம் உள்ள 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள். நாலாண்டுப் படிப்புக்குள் இதைவிடப் பெரிய கார்டு மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் 650 வாட் வாங்கலாம்; 200 வாட் எடுக்கும் ஆர்.டி.எக்ஸ். 4070 கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது அந்த அளவுதான். கேபினட்டை எஸ்.எம்.பி.எஸ். இல்லாமல் தந்தால் விலையில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் தொகையே அந்த இலவசப் பெட்டியின் மதிப்பு.

750 வாட் எஸ்.எம்.பி.எஸ். போட்டால் கரண்ட் பில் எகிறிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கோல்டு முத்திரை இருந்தால் பில் குறையும் என்று கடையில் சொல்கிறார்கள். எதை நம்புவது?
– இல்லத்தரசி, செல்லூர்

முதலாவதை நம்ப வேண்டாம். கணினிக்குத் தேவையானதை மட்டுமே எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து எடுக்கும். 150 வாட் தேவைப்படும் கணினியில் 450 வாட் இருந்தாலும் 750 வாட் இருந்தாலும் பில்லில் பெரிய வேறுபாடு இராது.

இரண்டாவது உண்மைதான், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அல்ல. 2004-இல் தொடங்கிய 80 பிளஸ் திட்டம், சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை விழுக்காடு கணினிக்குப் போய்ச் சேருகிறது, எத்தனை விழுக்காடு வெப்பமாக வீணாகிறது என்பதை அளக்கிறது. 115 வோல்ட்டில் நடத்தும் சோதனையில், பாதிச் சுமையில் பிரான்ஸ் 85 விழுக்காடும், கோல்டு 90 விழுக்காடும், பிளாட்டினம் 92 விழுக்காடும் எட்ட வேண்டும். நம் 230 வோல்ட்டில் இந்த எண்கள் சற்றுக் கூடும்.

கணினி 150 வாட் கேட்கிறது, நாளுக்கு 6 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரான்ஸ் சுமார் 176 வாட்டும் கோல்டு சுமார் 167 வாட்டும் சுவரிலிருந்து எடுக்கும். வேறுபாடு ஏறக்குறைய 10 வாட். இரண்டு மாதப் பில்லுக்கு 3 அல்லது 4 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கொண்டாலும் ஒரு பில்லுக்கு 30 ரூபாய்க்குள்தான் மிச்சம். பகல் முழுவதும் ஓடும் அலுவலகக் கணினி என்றால் சற்றுக் கூடும். கோல்டுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பில்லில் திரும்பி வர நெடுங்காலம் ஆகும். கோல்டு வாங்குவதற்கு வேறு காரணம் உண்டு: அந்தத் திறனை எட்ட நல்ல பாகங்களையும் நல்ல சுற்றமைப்பையும் போட்டாக வேண்டும் என்பதால், அத்தகைய எஸ்.எம்.பி.எஸ். பொதுவாக நெடுநாள் உழைக்கிறது. எனினும் முத்திரை திறனை மட்டுமே சான்றளிக்கிறது, பாதுகாப்பை அல்ல. போலி முத்திரைகளும் சந்தையில் உண்டு. சான்று பெற்ற மாதிரிகளின் பட்டியலைத் திட்டத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

இதையொட்டி நிலவும் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடுகிறோம். 85 விழுக்காடு திறனுள்ள 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். 425 வாட்தான் தரும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. அது கணினிக்கு 500 வாட் முழுமையாகத் தரும். அதற்காகச் சுவரிலிருந்து ஏறக்குறைய 590 வாட் எடுக்கும்.

ஃப்ளெக்ஸ் டிசைன் செய்யும் கடை வைத்திருக்கிறேன். பழைய கணினி இருந்தவரை 600 வி.ஏ. யு.பி.எஸ். நன்றாக வேலை செய்தது. புதிய கணினியில் 650 வாட் கோல்டு எஸ்.எம்.பி.எஸ். போட்ட பிறகு, கரண்ட் போனவுடன் யு.பி.எஸ். ஒலி எழுப்பிக் கணினியும் சேர்ந்து அணைந்துவிடுகிறது. விலை உயர்ந்த எஸ்.எம்.பி.எஸ். வாங்கியதே தவறோ? வீட்டு இன்வெர்ட்டரிலேயே இணைத்துவிடலாமா?
– கடை உரிமையாளர், உசிலம்பட்டி

எஸ்.எம்.பி.எஸ். மீது தவறில்லை, யு.பி.எஸ்.ஸும் பழுதடைந்திருக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

முதல் காரணம் அளவு. 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) என்று பெயரிட்ட யு.பி.எஸ். பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டுள்ள கணினியையும் மானிட்டரையும் சேர்த்தால், வேலை மும்முரத்தில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். எஸ்.எம்.பி.எஸ். கணக்கில் விட்டுவிட்ட மானிட்டரை இங்கே மறக்காமல் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது. மின்வாரியம் தரும் மின்சாரம் சீரான அலையாக (சைன் அலை) ஏறி இறங்குகிறது. விலை குறைந்த யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறும்போது அந்த அலையைப் படிக்கட்டு வடிவில் போலியாக உருவாக்குகிறது. பழைய, எளிய எஸ்.எம்.பி.எஸ்.கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இன்றைய தரமான எஸ்.எம்.பி.எஸ்.களில் ஆக்டிவ் பி.எஃப்.சி. என்னும் சுற்று இருக்கிறது. அது வரும் அலையின் வடிவத்தைப் பின்பற்றி மின்சாரத்தை எடுக்க வடிவமைக்கப்பட்டது. படிக்கட்டு அலையில் மின்னழுத்தம் திடீரென்று தோன்றும் ஒவ்வொரு முறையும் அது மொத்தமாக இழுக்க, யு.பி.எஸ். தன்மேல் சுமை மீறிவிட்டதாக எண்ணி அணைந்துவிடுகிறது.

மூன்றாவதாக, மின்சாரம் நின்ற பிறகு யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறச் சில மில்லி நொடிகள் ஆகும். அந்த இடைவெளியை எஸ்.எம்.பி.எஸ். தன்னுள் சேமித்த மின்சாரத்தால் கடக்க வேண்டும். முழுச் சுமையில் 16 மில்லி நொடி தாங்க வேண்டும் என்பது ஏ.டி.எக்ஸ். வரையறையில் நெடுங்காலம் இருந்த அளவு. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லி நொடி என்பதை நினைத்தால் இது எவ்வளவு சிறிய அவகாசம் என்று புரியும். மலிவான எஸ்.எம்.பி.எஸ்.களில் சேமிப்பு மின்தேக்கியைச் சிறியதாகப் போட்டுவிடுவதால் இதுகூடக் கிடைப்பதில்லை.

உங்கள் கடைக்கு 1000 வி.ஏ. அளவில், 600 வாட் என்று வாட்டிலும் குறிப்பிட்டுள்ள, தூய சைன் அலை தரும் யு.பி.எஸ். பொருத்தமானது. விலை கூடுதல்தான். ஆர்டர் நாளில் கோப்பு அழிந்துபோவதை எண்ணினால் தாங்கக்கூடிய செலவு என்றே கருதுகிறோம்.

இன்வெர்ட்டரில் இணைப்பதானால் அது சைன் அலை இன்வெர்ட்டராக இருக்க வேண்டும், அதன் பின்புறச் சுவிட்ச் யு.பி.எஸ். நிலையில் இருக்க வேண்டும். சாதாரண நிலையில் மாறும் நேரம் மின்விசிறிக்கும் விளக்குக்கும் போதும், கணினிக்குப் போதாது. ஆனால் யு.பி.எஸ். நிலையில் வைத்தால், மின்னழுத்தம் ஏறக்குறைய 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியவுடனேயே அது பேட்டரிக்கு மாறிவிடும். வோல்டேஜ் குறையும் ஊர்களில் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி தீர்ந்து போவதற்கு இதுவே காரணம்.

எங்கள் ஊரில் மும்முனை மின்சாரம் வந்ததும் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஒருசேர ஓடுவதால் வீட்டில் 170 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. கணினிக்கு ஸ்டெபிலைசர் கட்டாயமா?
– ஆசிரியர், அலங்காநல்லூர்

குறைந்த மின்னழுத்தத்துக்காக மட்டும் என்றால் தேவையில்லை. 100–240 வோல்ட் என்று குறித்த எஸ்.எம்.பி.எஸ். 170 வோல்ட்டில் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் ஓடும். அதே வாட்டைப் பெற ஆம்பியரைக் கூடுதலாக இழுக்கும், சற்றுச் சூடாகும், அவ்வளவுதான். 230 வோல்ட்டில் 1.3 ஆம்பியர் எடுக்கும் கணினி 170 வோல்ட்டில் சுமார் 1.8 ஆம்பியர் எடுக்கும். ஆகவே தளர்ந்துபோன பிளக் பாயின்ட்டை மாற்றிவிடுங்கள். கருகும் இடம் அதுதான். பழைய எஸ்.எம்.பி.எஸ்.களில் பின்புறம் 115, 230 என்று சிவப்பு நிறச் சுவிட்ச் ஒன்று இருக்கும். வோல்டேஜ் குறைகிறதே என்று அதை 115-க்குத் தள்ளிவிடக் கூடாது. மின்னழுத்தம் இயல்புக்குத் திரும்பும் நொடியில் உள்ளே வெடித்துவிடும்.

நாம் அஞ்ச வேண்டியது உயர் மின்னழுத்தத்துக்கு. கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால், இரு ஃபேஸ்களுக்கு இடையே உள்ள 400 வோல்ட் பல வீடுகளுக்கிடையே ஏறுமாறாகப் பங்கிடப்பட்டு, சில வீடுகளுக்கு 300 வோல்ட்டுக்கு மேலும் வந்துவிடும். 300 வோல்ட் மின்சார அலையின் உச்சம் 424 வோல்ட், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முதன்மை மின்தேக்கிகள் பெரும்பாலும் 400 முதல் 450 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. எனவே உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் தொடர்பைத் துண்டிக்கும் வசதியுள்ள ஸ்டெபிலைசர் அல்லது துண்டிப்பான் ஒன்று காவலாக இருப்பது நல்லது. ஒரு விளக்கு மங்கி இன்னொன்று கண்ணைப் பறிக்கும் அளவுக்கு எரிந்தால், மெயினை அணைத்துவிட்டு மின்வாரிய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். இடி மின்னலின்போது பிளக்கையும் பிராட்பேண்ட் வயரையும் கழற்றிவிட வேண்டும்; சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

கணினியின் கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஷாக் அடிக்கிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றியும் அப்படியே இருக்கிறது. எங்களுடையது பழைய ஓட்டு வீடு.
– கல்லூரி மாணவி, சோழவந்தான்

இன்னொரு எஸ்.எம்.பி.எஸ். மாற்றினாலும் அப்படியேதான் இருக்கும். உங்கள் வீட்டுப் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறிய மின்தேக்கிகள் உலோகப் பெட்டியுடன் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அவை கசியவிடும் சொற்ப மின்சாரம் பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி முழுவதும் 230 வோல்ட்டின் பாதியில், அதாவது ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நின்றுவிடுகிறது. ஆயினும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸினுள் என்றாவது ஃபேஸ் வயரே உலோகத்தைத் தொட்டுவிட்டால், உங்களைக் காக்க வேண்டியது அந்த எர்த் கம்பிதான். மேலும், இந்த நிலையில் டி.வி.யையோ வேறொரு கருவியையோ எச்.டி.எம்.ஐ. வயரால் இணைக்கும்போது பொறி பறந்து போர்ட் பழுதாவதும் உண்டு.

மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கும் கன்வெர்ட்டர் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைத்து எர்த் குழி அமைத்து, மெயின் போர்டிலிருந்து கணினி இருக்கும் அறை வரை தனி எர்த் வயர் இழுக்கச் சொல்லுங்கள். சிலர் செலவை மிச்சப்படுத்த சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். சுருசுருப்பு நின்றுவிடும், ஆனால் நியூட்ரல் அறுந்த அன்று முழு 230 வோல்ட் கேபினட்டில் வந்து நிற்கும். வேலை முடிந்ததும் மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய ஃபேஸ்-நியூட்ரல் அளவே காட்டுகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் அளவில் மட்டும் இருக்கிறதா என்று உங்கள் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். மெயினில், மின்கசிவை உணர்ந்து தொடர்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் போட்டுவிட்டால் நல்லது.

செகண்ட் ஹேண்டில் பெரிய கம்பெனி அலுவலகக் கணினி ஒன்று வாங்கினேன். கிராபிக்ஸ் கார்டு போட எஸ்.எம்.பி.எஸ். மாற்றலாம் என்றால், புதியதன் 24 பின் பிளக் எங்கும் பொருந்தவில்லை.
– வாசகர், மேலூர்

டெல், ஹெச்.பி., லெனோவோ அலுவலக மாதிரிகள் பலவற்றில் அந்தந்தக் கம்பெனிக்கே உரிய இணைப்பான்தான் இருக்கும். பெட்டியின் அளவும் வேறாக இருப்பதால் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். உள்ளே உட்காராது. மாற்று வயர்கள் விற்கின்றன என்றாலும் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். தவறான வயர் மதர்போர்டை எரித்துவிடும். இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றாமல், 30 வாட் மட்டும் எடுக்கும் ஜி.டி. 1030 போன்ற சிறிய கார்டோடு நிறைவடைவதே உங்களுக்கு நல்லது. அதற்கு மேல் வேண்டுமானால் கணினியையே மாற்றும் காலம் வரை காத்திருங்கள்.

மாடுலர் (வயர்களைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்.எம்.பி.எஸ். ஒன்று வயர்கள் இல்லாமல் நண்பரிடம் மலிவாகக் கிடைத்தது. என்னிடம் வேறொரு கம்பெனியின் மாடுலர் வயர்கள் உள்ளன. பிளக் சரியாகப் பொருந்துகிறது. பயன்படுத்தலாமா?
– மாணவர், கே.கே. நகர், மதுரை

கூடாது. மதர்போர்டு, ஹார்டு டிஸ்க் பக்கமுள்ள முனைகளுக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பக்கமுள்ள முனையில் எந்தப் பின்னில் 12 வோல்ட், எந்தப் பின்னில் 5 வோல்ட் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. ஒரே கம்பெனியின் இரு வரிசைகளுக்கிடையேகூட மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போனால், எஸ்.எஸ்.டி.யும் அதிலுள்ள உங்கள் புராஜெக்டும் ஒரு நொடியில் போய்விடும். அந்த மாதிரிக்கு உரிய வயர்களைக் கம்பெனியிடமிருந்தே வாங்குங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள்.

திருமண வீடியோ எடிட்டிங் செய்கிறோம். சித்திரை, வைகாசி முகூர்த்த காலத்தில் இரவு பகலாகக் கணினி ஓடும். ஏ.சி. கிடையாது. வெயிலுக்காக வாட் கூட்டி வாங்க வேண்டுமா?
– ஸ்டூடியோ உரிமையாளர்கள், திருமங்கலம்

வாட்டைவிட, அந்த வாட்டை எத்தனை டிகிரி வெப்பத்தில் தருவதாகத் தயாரிப்பாளர் உறுதி சொல்கிறார் என்பதைப் பாருங்கள். சில மாதிரிகளுக்கு 40 டிகிரி, சிலவற்றுக்கு 50 டிகிரி என்று விவரத்தாளில் இருக்கும். கத்திரி வெயிலில் மதுரையில் வெளி வெப்பமே 40 டிகிரியைத் தொடுவதால், மூடிய அறையில், கேபினட்டுக்குள் நிலவும் வெப்பத்துக்கு 40 டிகிரி உறுதி போதாது. மின்தேக்கி இயங்கும் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது மின்னணுத் துறையில் வழங்கும் பொதுக் கணக்கு. 50 டிகிரிக்கு உறுதி தரும், 105 டிகிரி வரை தாங்கும் மின்தேக்கிகள் கொண்ட மாதிரியைத் தேர்ந்தெடுத்து, உங்கள் உண்மையான தேவை அதன் திறனில் பாதியை ஒட்டி நிற்கும்படி வாங்குங்கள்.

கேபினட்டின் அடியில் எஸ்.எம்.பி.எஸ். பொருத்தப்படும் வகையானால், அடியில் வலை இருக்கும்போது விசிறி கீழ்நோக்கி இருக்கட்டும். கேபினட்டைத் தரையில் வைக்காமல் ஒரு முக்காலி மீது வையுங்கள். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு, விசிறி சுழலாதபடி ஒரு குச்சியால் நிறுத்திக்கொண்டு, வெளியிலிருந்தே புளோயரால் தூசியை ஊதிவிடலாம். திருகைக் கழற்றி எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்க வேண்டாம். ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ளவற்றின் பெரிய மின்தேக்கியில் 380 வோல்ட் அளவுக்கு நேர்மின்சாரம் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்கிவிடும் என்பதற்கு உறுதியில்லை.

கணினி திடீரென்று உயிரற்றுவிட்டது. பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்தால் எஸ்.எம்.பி.எஸ். விசிறி சுற்றுகிறது. ஆகவே எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது, மதர்போர்டுதான் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். அப்படித்தானா?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், வாடிப்பட்டி

அந்தச் சோதனையில் தெரிவது, எஸ்.எம்.பி.எஸ். சுமையில்லாமல் தொடங்குகிறது என்பது மட்டுமே. சுமை ஏறும்போது மின்னழுத்தம் சரிந்தால் விசிறி சுற்றிக்கொண்டேதான் இருக்கும், கணினி எழாது. மல்டிமீட்டரில் மஞ்சள் வயர் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள்ளும், சிவப்பு வயர் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள்ளும், ஆரஞ்சு வயர் 3.3 வோல்ட்டை ஒட்டியும் இருக்க வேண்டும். பிளக் செருகியிருக்கும்போதெல்லாம் ஊதா வயரில் 5 வோல்ட் நிற்க வேண்டும். இவற்றுள் ஒன்று விலகினாலும் எஸ்.எம்.பி.எஸ். சரியில்லை. எல்லாம் சரியாக இருந்தாலும் சுமையில் எப்படி என்று அறியமுடியாது. ஆகவே மதர்போர்டுக்குப் பணம் கொடுக்கும் முன், நன்றாக ஓடும் வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை அதே மதர்போர்டில் இணைத்து உங்கள் கண்முன்னே ஓட்டிக் காட்டும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.